கோவிலையும் பள்ளியையும் காக்க நினைக்கும் தாத்தா பழமைவாதியா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோட்டம் வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டுவிட்டது. மாரியம்மன் கோவிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்று உங்கள் தாத்தா மனுவும் கையுமாக அலைகிறார். உங்கள் கல்லூரி நண்பர்கள் அவரைப் பழமைவாதி என்கிறார்கள். பழமைவாதம் என்பதே துரைமார்களும் முதலாளிகளும் தங்கள் நாற்காலியைக் காத்துக்கொள்ள உண்டாக்கிய தத்துவம் என்றும் வாதிடுகிறார்கள். அது உண்மையா, அந்தச் சிந்தனையை யார் எப்போது தொடங்கினார்கள், தாத்தா அதில் சேர்த்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்ப் பட்டியல் கொடுத்து இதை முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, தாத்தாவின் பக்கம் நிற்பதற்கு நாணப்பட வேண்டுமா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் ஆறாம் படிவ மாணவர்களுக்கு நெடுங்காலம் வரலாறு கற்பித்தவள். முதுகலைப் படிப்பில், பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் இந்தியாவைப் பற்றி ஆற்றிய உரைகளை ஆராய்ந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்து, இன்றும் இந்த ஊரிலேயே இருக்கிறேன். அரசியல் சிந்தனையின் வரலாறு எனக்குத் தெரியும். நிலச் சட்டம் என் துறை அல்ல. கோவில் நிலத்தின் உரிமை யாருடையது என்பதை நீங்கள் ஒரு வழக்கறிஞரிடம்தான் கேட்கவேண்டும்.

பழகியதை விட்டுவிட மனம் வராமல் இருப்பது எல்லா மனிதரிடமும் உண்டு. பாட்டி வைத்த முறைப்படிதான் பொங்கல் வைக்கவேண்டும் என்று அடம்பிடிப்பதற்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை. கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1920களில் ஜெர்மனியில் செய்த ஆய்வில் இதை மரபுப் பற்று என்று தனியே பிரித்தார். அரசியல் பழமைவாதம் அவர் கணக்கில் வேறொன்று. அது தன்னை உணர்ந்த சிந்தனை, ஒரு சவாலுக்கு எதிராக எழுந்த வாதம். நாட்டின் சட்டம், சொத்து, சமயம் எல்லாவற்றையும் அறிவின் துணையால் அடியோடு புதிதாக அமைக்கலாம் என்று ஒரு கூட்டம் கொள்கையாகச் சொல்லும் வரைக்கும், ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று கொள்கையாகப் பதில் சொல்லும் தேவை யாருக்கும் வரவில்லை. அந்தச் சவால் 1789இல் பிரான்சில் புரட்சியாக எழுந்தது. பதில் 1790 நவம்பரில் லண்டனில் அச்சேறியது. உங்கள் கேள்வியின் "எப்போது" என்ற பகுதிக்கு இதுவே பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விடை. அதற்கு முன் ஆங்கிலச் சமய அறிஞர் ரிச்சர்ட் ஹூக்கரிடமும் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமிடமும் இதன் கூறுகள் உண்டு. அவர்களை இந்த மரபின் முன்னோர் என்று சொல்லலாமே தவிர அதன் உறுப்பினர் என்று சொல்வது சிரமம்.

அந்தப் பதிலை எழுதியவர் பர்க். டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். தந்தை வழக்கறிஞர், தாய் கத்தோலிக்கக் குடும்பத்தவர். நாடாளுமன்றத்தில் அவர் அமர்ந்தது மன்னர் பக்கம் சாய்ந்த டோரிகளோடு அல்ல, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்ட விக் கட்சியில். அமெரிக்கக் குடியேற்றக்காரர்களின் மனக்குறையை ஆதரித்துப் பேசியவர். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய அவருடைய நூல், கருத்துக் கேட்டுக் கடிதம் எழுதிய ஓர் இளம் பிரெஞ்சுக்காரருக்குப் பதில் கடிதம் என்ற வடிவில் அமைந்தது. அதில் அவர் சொன்னதன் சாரம் இது. தனிமனிதனுடைய அறிவு மிகச் சிறிய முதல். தலைமுறை தலைமுறையாகச் சோதித்துச் சேர்ந்த வழக்கங்களில் அதைவிடப் பெரிய அறிவு தங்கியிருக்கிறது. சமுதாயம் என்பது உயிரோடு இருப்பவர்கள் மட்டும் செய்துகொண்ட ஒப்பந்தமாக இருக்க முடியாது; இறந்தவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் அதில் பங்காளிகள். மாற்றிக்கொள்ளும் வழி இல்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியும் இல்லை. கடைசி வாக்கியத்தை உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். மாற்றமே கூடாது என்று பர்க் எங்கும் எழுதவில்லை. பழுதான சுவரைச் சரிசெய்ய வீட்டையே இடிக்காதே என்பதுதான் அவர் வாதம். புரட்சியாளர்கள் எதிரிகளைக் கொன்று குவித்த பயங்கர ஆட்சி வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, இந்தப் புரட்சி கடைசியில் படையைத் தன் கையில் வைத்திருக்கும் ஒரு தளபதியிடம் போய் முடியும் என்றும் எழுதினார். நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது 1799இல். பர்க் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் பர்க்கைப் புரிந்துகொள்ள நான் மாணவர்களை முதலில் அனுப்பும் இடம் பாரிஸ் அல்ல, ஆற்காடு. 1785 பிப்ரவரி 28 அன்று அவர் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடமே கொடுவட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் அந்தக் கடனுக்கு ஈடாகக் கர்நாடகப் பகுதியின் நில வருவாயையே எழுதி வாங்கியிருந்தார்கள். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு அந்த நிலத்தைச் சுட்டுப் பொசுக்கியிருந்தது. அந்த நிலையிலும் முதலில் கடன்காரர்களுக்குக் கொடு என்று லண்டன் உத்தரவிட்டது. பர்க் எழுந்து ஏரிகளைப் பற்றிப் பேசினார். மழையை நம்பிய அந்த நாட்டின் உயிர் ஏரிகளிலும் குளங்களிலும் இருக்கிறது என்றார். ஒரு வரைபடத்தில் மட்டும் 1,100க்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்களைத் தாமே எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். அவற்றை வெட்டியவர்கள் உண்மையான அரசர்கள், பிறக்காத தலைமுறையையும் தம் பிள்ளைகளாக எண்ணி அவர்களுக்கு உயில் எழுதிவைத்தவர்கள் என்று புகழ்ந்தார். அவற்றைத் தூர்ந்துபோக விட்டு வட்டி கறக்கும் கம்பெனிக்காரர்களை அவர்களுக்கு எதிரே நிறுத்தினார்.

நம் முன்னோர்களில் பலர் அந்த மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள். அதனால் மட்டும் இதைச் சொல்லவில்லை. முன்னோர் பின்னோர் பங்காளித்தனம் என்ற புகழ்பெற்ற கருத்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ்நாட்டு ஏரிக்கரையில் நின்று பேசுவதுபோல் அவர் வாயில் வந்துவிட்டது. அங்கே அவர் காத்தது ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகையை அல்ல, உழவர்களின் தண்ணீரை. எதிர்த்தது பணக்காரர்களை. 1783இல் கிழக்கிந்திய மசோதா விவாதத்திலேயே அவர் சொல்லியிருந்தார்: மனிதர்மீது செலுத்தப்படும் எந்த அதிகாரமும் அந்த மனிதருடைய நன்மைக்காக ஒப்படைக்கப்பட்ட அறங்காவல், கணக்குக் கேட்கப்படவேண்டியது. அந்தக் கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788 முதல் குற்றச்சாட்டு நடத்தினார். 1795இல் மேலவை ஹேஸ்டிங்ஸை விடுவித்துவிட்டது.

இதில் ஒரு கறையும் உண்டு. பர்க் உறவினராகவே நடத்திய வில்லியம் பர்க் தஞ்சை அரசருடைய முகவராகச் சம்பளம் வாங்கியவர். ஆற்காட்டு நவாபும் தஞ்சை அரசரும் எதிரிகள். அந்தத் தொடர்பு பர்க்கின் கோபத்துக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றியது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. உரையில் உள்ள வாதம் அந்தக் கறையால் பொய்யாகிவிடவில்லை என்பது என் தீர்ப்பு. மாறாகத் தீர்ப்பவர்களையும் நான் மதிக்கிறேன்.

இனி உங்கள் நண்பர்களின் வழக்கு. அவர்கள் கையில் வலுவான சான்றுகள் இருக்கின்றன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. அதே பர்க், புரட்சி பற்றிய நூலில் படிக்காத மக்களைப் பன்றிக் கூட்டம் என்னும் பொருள்பட எழுதினார். 1795இல் இங்கிலாந்தில் தானியப் பஞ்சம் வந்தபோது, உழைப்பாளியின் கூலியை அரசு உயர்த்தக்கூடாது, உழைப்பும் மற்றப் பண்டங்களைப் போல விலைக்கு வரும் பண்டமே, பசித்தவனுக்குத் தருமம் செய்யலாம், சட்டம் செய்யக்கூடாது என்று பிரதமர் பிட்டுக்குக் குறிப்பு எழுதினார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று கூலிக் கணக்குக் கேட்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு அதைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் மனம் கசக்கிறது. பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத்துக்காக பர்க் கண்ணீர் விட்டதைப் பார்த்த, புரட்சியை ஆதரித்த எழுத்தாளர் தாமஸ் பெய்ன், இறகுக்கு இரங்குகிறார், சாகும் பறவையை மறந்துவிட்டார் என்று 1791இல் எழுதினார். அந்த அடி சரியான இடத்தில் விழுந்த அடி. இந்த மரபு முழுவதும், கீழே இருப்பவர்கள் எழும்போதெல்லாம் மேலே இருப்பவர்களின் அதிகாரத்தைக் காக்க எடுக்கப்பட்ட ஆயுதமே என்று அமெரிக்க அரசியலறிஞர் கோரி ராபின் 2011இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். உங்கள் நண்பர்கள் அவரைப் படித்திருக்கலாம். படிக்காமலே அந்த முடிவுக்கு வந்திருந்தால் அவர்களும் கூர்மையானவர்கள்தான்.

அந்த வாதத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி ஜோசஃப் தெ மேத்ர். சவாய் நாட்டுப் பிரபு, சார்டீனிய அரசின் தூதராக ரஷ்யாவில் நெடுங்காலம் இருந்தவர். மனித உரிமை என்ற பேச்சைக் கேட்டு, பிரெஞ்சுக்காரர்களையும் இத்தாலியர்களையும் ரஷ்யர்களையும் பார்த்திருக்கிறேன், மனிதன் என்ற ஒருவனை மட்டும் எங்கும் சந்தித்ததில்லை என்று 1797இல் எழுதினார். சமூக ஒழுங்கின் அடித்தளத்தில் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவனை வைத்தவர் அவர். பர்க்குக்குப் பழமையே சான்று; மேத்ருக்குத் தெய்வமும் அச்சமும். இருவரையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. புரட்சி சாய்த்ததை மீண்டும் நட்டுவைக்க விரும்பும் பிற்போக்கையும், இருப்பதைப் பார்த்துப் பார்த்துச் செப்பனிட விரும்பும் பழமைவாதத்தையும் பிரித்துப் பேசுவது நல்லது என்பது என் கருத்து. எல்லா அறிஞர்களும் இந்தக் கோட்டை ஏற்பதில்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகலைக் கோட்டின் எந்தப் பக்கம் வைப்பது என்பது இன்றுவரை தீராத சண்டை.

இங்கே இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். பர்க் பழமைவாதத்தின் தந்தை என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அவர் காலத்தில் அந்தப் பெயரில் கட்சியே இல்லை. பிரான்சில் எழுத்தாளர் ஷத்தோபிரியான் 1818இல் தொடங்கிய இதழின் பெயரில்தான் சொல் அரசியலுக்குள் வந்தது. பிரிட்டனில் 1830களில் டோரிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1834இல் அவர்களுடைய தலைவர் ராபர்ட் பீல் தம் தொகுதி வாக்காளர்களுக்கு எழுதிய அறிக்கையில், நியாயமான குறைகளைத் திருத்துவோம், அடிப்படைகளைக் கலைக்க மாட்டோம் என்று சொன்னது அந்தக் கட்சியின் பிறப்புச் சான்றிதழ்போல ஆனது. பர்க்கை அதன் தத்துவத் தந்தையாக உட்காரவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1886இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுப்பதா என்ற விவாதத்தில் இரு தரப்பும் அவரையே மேற்கோள் காட்டி மோதின. ஆக, மரபைப் பற்றிப் பேசும் இந்த மரபே பின்னாளில் தொகுத்துக் கட்டப்பட்டது. அதனால் அது போலி என்று நான் சொல்லமாட்டேன். எல்லா மரபும் யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்துத் தொகுத்ததுதான்.

பிரிட்டனில் அதே கட்சியின் டிஸ்ரேலி, ஒரே நாட்டில் பணக்காரர், ஏழை என்று இரு நாடுகள் வாழ்கின்றன என்று 1845இல் நாவலாக எழுதினார். 1867இல் நகரத் தொழிலாளரில் பெரும்பகுதிக்கு வாக்குரிமை அளித்த சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஜெர்மனியில் அரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1878இல் சோஷலிச அமைப்புகளைத் தடைசெய்தார். பிறகு 1883இல் நோய்க்காப்பு, 1884இல் விபத்துக்காப்பு, 1889இல் முதியோர் ஓய்வூதியம் என்று தொழிலாளருக்கே சட்டம் போட்டார். ஒரு கையால் அடைத்து மறுகையால் அணைப்பது பழமைவாத ஆட்சிக்கலையில் மிகப் பழகிய உத்தி. நம் ஊருக்கு இது புதிதல்ல. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. இடதுசாரித் தொழிற்சங்கச் சம்மேளனம் அந்த ஆண்டே சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதே அவசரகாலத்தின் நடுவில்தான் 1951இல் ஊழியர் சேமநிதியும், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் வந்தன. பிஸ்மார்க்கைப் பார்த்து இங்கே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அச்சமும் சலுகையும் சேர்ந்து நடக்கும் நடை ஒன்றுதான் என்கிறேன்.

குடியேற்ற ஆட்சியிலும் பழமைவாதச் சிந்தனை வேலைசெய்தது. 1874 பங்கோர் ஒப்பந்தப்படி, மலாய்க்காரர்களின் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் பேராக் சுல்தான், ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு நடக்கவேண்டும். சட்ட வரலாற்றறிஞர் ஹென்றி மெய்ன், பழஞ்சமூகங்களை மேலைநாட்டுச் சட்டத்தால் குலைத்தால் அவை சிதறிவிடும் என்று எழுதியிருந்தார். அவருடைய எண்ணங்கள், உள்ளூர் மன்னரை முன்னிறுத்தி ஆளும் மறைமுக ஆட்சிக்குத் தத்துவத் துணையாயின. மலாய்க்காரர் கம்பம் என்னும் கிராமத்தில், சீனர் ஈய லம்பம் என்னும் சுரங்கத்தில், தமிழர் லயத்தில் என்று ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் காத்துவைப்பதற்கு அது வசதியான தத்துவம். ஆளுகிறவன் பிறருடைய வழக்கத்தைக் காப்பதாகச் சொல்லும்போது, யாருக்காக என்று கேட்காமல் இருக்கக்கூடாது.

பாரம்பரியத்தில் எதைக் காப்பது, எதைக் கழிப்பது? பழமைவாதச் சிந்தனையின் நடுவே இருக்கும் ஆறாத புண் இந்தக் கேள்வி. நெடுநாள் இருந்ததால் நல்லது என்றால், தோட்டத்தில் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கமும் நெடுநாள் இருந்ததுதான். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. துரையைக் கண்டு சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும். கள்ளுக்கடை மூடப்படவேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும். அரசு படையை அனுப்பியது, தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். நான் இந்தக் கோரிக்கைகளை வகுப்பில் படித்துக்காட்டும்போதெல்லாம் மாணவர்களிடம் சொல்வேன்: பர்க்கைப் படிக்காத அந்த மக்கள், பர்க் விட்டுவைத்த கணக்கைப் போட்டுமுடித்தார்கள். சைக்கிள், கள்ளுக்கடை, பள்ளி மூன்றுமே தோட்ட வாழ்வின் பழமைகள். இரண்டை ஒழிக்கச் சொன்னார்கள், ஒன்றை வளர்க்கச் சொன்னார்கள்.

அவர்கள் பிரித்த அளவுகோல் எது என்று யோசித்தால் அது 1783இல் பர்க் சொன்ன அறங்காவல்தான் என்று நான் நினைக்கிறேன். பள்ளி பின்வரும் பிள்ளைகளுக்காக இருந்தது. சைக்கிள் வழக்கம் ஒருவனுடைய கர்வத்துக்காக மட்டும் இருந்தது. அதற்குக் கணக்குக் கேட்டால் பதில் இல்லை. இந்த அளவுகோலை பர்க் இந்தியாவில் துணிந்து பயன்படுத்தினார். தம் சொந்த நாட்டு உழவனின் கூலி விஷயத்தில் பயன்படுத்தவில்லை. அவர் சிந்தனையின் பெருமையும் பிழையும் இந்த ஓரிடத்தில் அருகருகே நிற்கின்றன. இது என் வாசிப்பு. பாடநூல் முடிவாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டில் பர்க்குக்கு அடுத்தபடியாக நான் மதிப்பவர் மைக்கேல் ஓக்ஷாட். லண்டனில் பேராசிரியராக இருந்தவர். அறிவில் இரண்டு வகை உண்டு என்றார். ஒன்று நூலில் எழுதிவைக்கக்கூடிய நுட்ப அறிவு. மற்றது பழக்கத்தில் மட்டும் கைமாறும் செயலறிவு. அவர் காட்டிய எடுத்துக்காட்டு சமையல் நூல். என் அம்மா பால் வெட்டிய கையைப் பார்த்தவளுக்கு அது உடனே புரிந்தது. பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் இறங்கும், எங்கே கத்தி பட்டால் மரம் புண்ணாகிப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும் என்பதைக் கையேட்டில் அளவு போட்டுக் கொடுக்கலாம். விடியுமுன் இருட்டோடு மர நிரையில் நின்று அந்த ஆழத்தை உணர்வது கையேட்டில் வராது. ஆட்சியும் அப்படித்தான் என்றார் ஓக்ஷாட். மேசையில் வரைந்த திட்டத்தால் மட்டும் ஒரு சமூகத்தை நடத்தலாம் என்று நம்பும் எல்லாரும், இடதானாலும் வலதானாலும், அவருடைய விமர்சனத்துக்கு உரியவர்கள். அவருடைய 1956ஆம் ஆண்டுக் கட்டுரையில் கடவுளையோ மன்னரையோ துணைக்கு அழைக்காமலே பழமைவாதம் விளக்கப்படுகிறது: பழகியதில் மகிழ்ச்சி காணும் ஒரு மனப்பாங்கு, இழப்பை அறிந்து மாற்றத்தை எடைபோடும் குணம். இங்கே மான்ஹைம் போட்ட கோடு கொஞ்சம் அழிகிறது என்பதையும் கவனியுங்கள்.

அமெரிக்கக் கிளையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அதில் ஒரு பகுதிதான் தேவை. 1953இல் ரஸல் கர்க் பர்க்கிலிருந்து தொடங்கி ஒரு வம்சாவளி எழுதினார். 1955இல் வில்லியம் பக்லி ஓர் இதழ் தொடங்கி, சமயப் பற்றாளர்களையும் சந்தைப் பொருளாதாரவாதிகளையும் கம்யூனிச எதிர்ப்பாளர்களையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்தார். அந்தக் கூட்டணி 1980இல் ரீகனை அதிபராக்கியது. ஆனால் அந்தச் சந்தைவாதிகளின் ஆசான் ஃபிரெட்ரிக் ஹயக், 1960இல் வெளியிட்ட நூலின் பின்னுரையில் தாம் பழமைவாதி அல்ல என்று காரணங்களோடு மறுத்திருக்கிறார். இந்தியாவில் ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியிலும் இதே இரட்டை ஓட்டம் இருந்தது: உரிமம், அனுமதி என்ற அரசுக் கட்டுப்பாட்டுக்கு எதிர்ப்பு ஒருபுறம், அறமும் பழமையும் மறுபுறம். 1967 தேர்தலில் 44 இடங்கள் பெற்ற அந்தக் கட்சி சில ஆண்டுகளிலேயே கரைந்தது.

சந்தையையும் மரபையும் சேர்த்துவைத்த அந்தக் கூட்டணியில் உள்ள விரிசல் உங்கள் தோட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, தம்பி. நிலத்தை வாங்கியவர் வரைபடத்தை விரித்து, இங்கே கடைவீடு, இங்கே சாலை என்று கோடு போடுகிறார். கோவிலும் பள்ளியும் அந்தக் கோட்டின் குறுக்கே நிற்கின்றன. இந்தக் காட்சியில் எல்லாவற்றையும் புதிதாக வரைய விரும்புகிறவர் யார், தாத்தாவா? பழமைவாதம் முதலாளிகளின் தத்துவம் என்பது உண்மையானால், முதலாளி இங்கே தாத்தாவின் பக்கம் அல்லவா நிற்கவேண்டும்? சொத்துரிமையையும் சந்தையையும் காக்கும் பழமைவாதமும், ஊரையும் உறவையும் காக்கும் பழமைவாதமும் ஒரே பெயரில் இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்து நடந்திருக்கின்றன. இரண்டும் மோதும்போது எது விட்டுக்கொடுக்கும் என்பதில்தான் ஒரு பழமைவாதியின் உண்மையான நிறம் தெரியும். 1785இல் பர்க் கடன்காரர்களை விட்டுவிட்டு ஏரியைப் பிடித்துக்கொண்டார்.

தாத்தாவைப் பழமைவாதி என்பதா? எனக்குத் தெரிந்த பர்க்கின் பொருளில், இந்த ஒரு செயலில், ஆம். அது வசைச்சொல் அல்ல. ஆனால் அவர் காப்பது துரை கொடுத்ததை அல்ல. தோட்டத்துக் கோவில்களில் பல, தொழிலாளர்கள் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துக் கட்டியவை. ஆகவே அவர் மேலே இருப்பவர்களின் அதிகாரத்தைக் காக்கிறார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது ஒட்டாது. அவர் பேசும் வேறு விஷயங்களில், சாதியிலோ பெண்களின் இடத்திலோ, அவர் எப்படிப்பட்டவர் என்பது உங்கள் கேள்வியில் இல்லை. அங்கே அவர் கள்ளுக்கடையைக் காப்பவராகவும் இருக்கலாம். ஒன்றில் சரியாக இருப்பவர் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவேண்டியதில்லை.

உங்கள் நண்பர்களும் நம்மிடையே ஒரு மதிப்புமிக்க மரபின் வாரிசுகள் என்பதை மறக்காதீர்கள். பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்துபோன பிறகு இங்கே சீர்திருத்தச் சங்கங்கள் வேகம் பெற்றன. அந்த வழியில் வந்த கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு என்ற இதழைத் தொடங்கினார். மூட வழக்கங்களை எதிர்த்து எழுதிய அதே மனிதர்தான், பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நிலைபெற 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். காப்பதும் கழிப்பதும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நமக்கு நெருக்கமான சான்று இல்லை.

காப்பதற்குப் புதிய வழி தேவைப்படும் என்பதற்கும் நம் ஊரே சான்று. 1950களில் ஐரோப்பியர்கள் தோட்டங்களை விற்றபோது தரகர்கள் அவற்றை வாங்கிக் கூறுபோட்டார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்; குடும்பங்கள் லயத்தைவிட்டு வெளியேற்றப்பட்டன. அப்போது இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். கூட்டுறவு என்பது தோட்டத்துக்குப் புத்தம் புதிய அமைப்பு. காத்ததோ பழைய ஊரை. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காக்க முடியவில்லை. இருந்தாலும் தாத்தாவின் மனுவோடு நின்றுவிடாமல், குடியிருந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சட்டபூர்வமான அமைப்பாக நிற்க முடியுமா என்று அந்த வழக்கறிஞரிடம் சேர்த்துக் கேளுங்கள். பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, கோவிலுக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள், பழைய ரசீதுகள் யாரிடம் இருக்கின்றன என்பதைத் தாத்தாவிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.

படிப்பதற்கு வரிசை கேட்டிருந்தீர்கள். புரட்சி பற்றிய பெரிய நூலில் தொடங்கவேண்டாம். ஆற்காட்டுக் கடன் உரையில் ஏரிகள் வரும் பகுதியை முதலில் படியுங்கள். பிறகு 1790 நூலின் முதல் பாதி, உடனே அதற்குப் பெய்ன் எழுதிய மறுப்பு. இரண்டையும் இடைவெளி விடாமல் படித்தால்தான் இருவரின் பலமும் தெரியும். அடுத்து ஓக்ஷாட்டின் 1956 கட்டுரை, மான்ஹைமின் ஆய்வு. இந்தக் கடைசி இரண்டும் கொஞ்சம் கடினம், பொறுமையாகப் போங்கள். எல்லாவற்றுக்கும் ஆங்கில மூலமோ மொழிபெயர்ப்போ பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்கும். உங்கள் நண்பர்களிடம் பஞ்சம் பற்றிய 1795ஆம் ஆண்டுக் குறிப்பையும் கொடுங்கள். அவர்கள் பக்கத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது, அதைப் படிக்காமல் நீங்களும் பர்க்கின் பக்கம் பேசக்கூடாது.